அக்கரையில் வெள்ளைக் குதிரை

நவம்பர் 18

நெஞ்சுக்குள் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு வந்து ஒன்றரை மாதம் ஆகிறது. முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் ஓவிய வாத்தியாராக இருந்திருக்கிறேன். இதயம் வரையச் சொன்னால் எல்லாப் பிள்ளைகளும் வெற்றிலையைத்தான் வரைவார்கள், நானும் திருத்தியதில்லை. பெரிய டாக்டர் திரையில் காட்டியபோது பார்த்தேன், அது மண் ஒட்டிய சேப்பங்கிழங்கு மாதிரி இருக்கிறது.

இன்று என்னை ஒரு ஆராய்ச்சியில் சேர்த்துக்கொண்டார்கள். நெஞ்சடைப்புக்கு ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்களில் பாதிப் பேருக்கு முறையான உடற்பயிற்சி, மீதிப் பேருக்கு வழக்கமான மருந்தும் புத்திமதியும். எந்தப் பக்கம் தேறுகிறது என்று ஆறு மாதம் பார்ப்பார்களாம். யார் எந்தப் பக்கம் என்பதைக் கணினி சீட்டுப் போட்டுச் சொல்லும். எனக்கு உடற்பயிற்சி விழுந்தது. 

ஜெசிந்தா என்கிற பிசியோதெரபிப் பெண் கேள்விகள் கேட்டாள். பீடியா சிகரெட்டா, சர்க்கரை உண்டா, அப்பா எப்படிச் செத்தார். பலகாரம் பற்றி நான் கொஞ்சம் குறைத்துச் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி துளசி, "போண்டான்னா அவருக்கு உசுரு கண்ணு, நல்லா எழுதிக்கோ" என்று போட்டுக் கொடுத்துவிட்டாள். துளசிக்கு எட்டு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. நோயாளி நான்தானே.

கையில் கறுப்பாக ஒரு பட்டை கட்டி விட்டார்கள். நடக்கிற தூரத்தையும் வழியையும் நாடித் துடிப்பையும் அது தனக்குள் சேர்த்து வைத்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை எடுத்துப் பார்ப்பார்களாம். வாரம் ஒருநாள் ஆஸ்பத்திரியில் வகுப்பு, மற்ற நாட்களில் காலையில் நானாகவே வீட்டருகே நடக்க வேண்டும். எங்கள் வீட்டுக்கு எதிரே குளம். சுற்றி வர நல்ல பாதை போட்டிருக்கிறார்கள். கோயமுத்தூரில் இதைவிட வசதி யாருக்குக் கிடைக்கும்?

நவம்பர் 20

ஷூ போட்டுக்கொண்டு இரண்டு மாடி இறங்கி கேட் வரைக்கும் போனேன். ஷூ விரலைக் கடித்தது. திரும்பி வந்துவிட்டேன்.

மாரடைப்பு வந்த அன்றைக்கும் இதே மாதிரி ஒரு காலைதான். கையில் காய்கறிப் பை. தக்காளி எல்லாம் ரோட்டில் உருண்டு போயின. மல்லாக்கக் கிடந்தேன். வானம் ஒரு விசித்திரமான நீலமாக இருந்தது. பெட்டியில் இருக்கும் எந்த வண்ணக் குழாயைப் பிதுக்கினாலும் அந்த நீலம் வராது. யாரோ தண்ணீர் தெளிக்கிற வரைக்கும் அது என் முகத்துக்கு இறங்கி வந்துகொண்டே இருந்தது.

புது ஷூ வாங்க வேண்டும்.

நவம்பர் 23

மூட்டு வலி. போகவில்லை.

நவம்பர் 24

மழை வரும் போல இருந்தது. வரவில்லை. நானும் போகவில்லை.

நவம்பர் 27

ஆஸ்பத்திரி வகுப்பில் நன்றாக நடந்தேன். சுற்றிலும் டாக்டர்கள், சுவரில் ஆக்ஸிஜன். அங்கே விழுந்தாலும் பரவாயில்லை என்று கால்கள் தைரியமாகப் போகின்றன. பக்கத்து டிரெட்மில்லில் ஹக்கீம் பாய், பிரியாணி மாஸ்டர். "எத்தனை ஊர் நெஞ்ச அடைச்சிருப்பேன், இப்ப என்னுதே அடைச்சுப்போச்சு வாத்தியாரே" என்றார். அந்த அறையே சிரித்தது.

"வீட்ல தினமும் நடக்கறீங்களா சார்?" என்று ஜெசிந்தா கேட்டாள். நடக்கிறேன் என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

நவம்பர் 29

பனி. ஜன்னலில் குளமே தெரியவில்லை. துளசி எப்போதும் போல விடிகாலையிலேயே கிளம்பினாள். குளத்தை ஒரு சுற்று சுற்றி, பிள்ளையார் கோயிலில் ஒரு கும்பிடு போட்டு, பால் வாங்கிக்கொண்டு வருவது அவள் பல வருடத்து வழக்கம்.

"துளசி, இத நீ கட்டிட்டுப் போ" என்று பட்டையைக் கழற்றினேன். "பனி விட்டதும் நாளைக்கு நான் நடந்துக்கறேன்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். கொக்கி சிக்கிக்கொண்டது. எனக்கு விரல் நடுங்கியது, குளிர்.

"நல்லாக் கட்டுங்க. மொதத் தடவ கட்டறப்பவும் இப்படித்தான் கை நடுங்குச்சு, உங்க அக்காதான் மூணாம் முடிச்சுப் போட்டாங்க" என்றாள். 

"இது ரெண்டாம் தடவை" என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனாள். பனி அவளை முழுசாக மூடுகிற வரைக்கும் ஜன்னலில் நின்றேன். என் நாடி என்று ஆஸ்பத்திரிக் கணினி நம்பப்போவது, பச்சைச் சேலை கட்டிக்கொண்டு குளத்தங்கரையில் போய்க்கொண்டிருந்தது.

டிசம்பர் 3

நாளைக்கு நாளைக்கு என்று ஐந்து நாளாகிவிட்டது. பனியும் விடுவதாக இல்லை.

ஆனால் ஒரு அதிசயம். அவள் போனதும் நான் படுத்துக்கொண்டு கண்ணை மூடினால் நானும் நடக்கிறேன். வந்து அவள் சொல்வதையெல்லாம் மறுநாள் கண்ணுக்குள் பார்க்கிறேன். மதகுப் பக்கம் ஆகாயத்தாமரை பூத்திருக்கிறது. கூழைக்கடாப் பறவை இரண்டு மிதக்கிறது, கிழவன் கிழவி மாதிரி ஒன்றை ஒன்று பார்க்காமல். பாதி தூரத்தில் புங்கமரத்தடியில் ஒரு சிமென்ட் பெஞ்ச். அதைத் தாண்டி வளைந்தால் அக்கரை. வகுப்பில் இதையெல்லாம் ஜெசிந்தாவிடம் விஸ்தாரமாகச் சொன்னேன். அவளும் வாயைத் திறந்துகொண்டு கேட்டாள்.

டிசம்பர் 9

இன்று துளசி ஒரு புதுச் சேதி கொண்டுவந்தாள். அக்கரையில் ஒரு வெள்ளைக் குதிரை.

"கல்யாணத்துக்கெல்லாம் மாப்பிள்ளைய ஏத்திட்டுப் போவாங்கல்லங்க, அந்தக் குதிரை. மோட்டார் ரூமுக்குப் பக்கத்துல கட்டியிருக்காங்க. பனிக்குள்ள நிக்குதா, எது பனி எது குதிரைன்னே தெரியல. வாலை ஆட்டுனாத்தான் தெரியுது."

எத்தனை பெரியது, காது எப்படி, கண்ணில் மை மாதிரி கோடு இருந்ததா என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தாள். மாடியில் மூச்சு வாங்கப் பேசிக்கொண்டே பால் செம்பை இறக்கி வைத்தாள்.

டிசம்பர் 16

மார்கழி பிறந்துவிட்டது. கோயில் மைக் எழுப்பிவிட்டது. படியில் அவள் வரும் சத்தம் கேட்டு, பிறகு கேட்காமல் போனது. எட்டிப் பார்த்தால் முதல் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

"இந்தப் படி வர வர ஒசரமாயிட்டே போகுதுங்க" என்றாள்.

வயதாகிறது, எனக்கு மட்டும்தானா என்ன? தாடை வலிக்கிறது என்று கிராம்பு அடக்கிக்கொண்டிருக்கிறாள். பல் டாக்டரிடம் போகச் சொன்னேன். பொங்கல் கழியட்டும் என்கிறாள்.

டிசம்பர் 19

தலைகால் புரியவில்லை. முதல் மாதக் கணக்கைப் பார்த்துவிட்டு பெரிய டாக்டரே தட்டிக்கொடுத்தார். இருபது நாளாக ஒரு நாள் விடாமல் நடக்கிறவன் வகுப்பிலேயே நான்தானாம், எத்தனை நாள் என்பதைத்தான் முதலில் பார்ப்பார்களாம். ஹக்கீம் பாய் பொறாமையில், "பென்ஷன் வாங்குற ஆளு, நடக்காம என்ன பண்ணுவாரு" என்றார்.

ஒரே ஒரு குறை. நடக்கும்போது துடிப்பு ரொம்பக் கூடுகிறதாம். துடிப்பை அடக்கத்தான் ஒரு மாத்திரை தருகிறார்கள், அதையும் மீறி ஏறுகிறதே என்று டாக்டர் யோசித்தார். "வேகமா நடக்கறீங்களோ?" என்றார். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல? மாத்திரையை இரண்டு மடங்காக்கிக் கொடுத்தார்.

வீட்டில் துளசியிடம் பாராட்டை மட்டும் சொன்னேன். "அப்ப எனக்கொரு சேலை எடுத்துக் கொடுங்க" என்றாள். நியாயம்தான்.

டிசம்பர் 24

புது மாத்திரையில் நாள் முழுக்கத் தண்ணீருக்கடியில் இருப்பது போல இருக்கிறது. சத்தங்கள் தூரத்திலிருந்து வருகின்றன. எழுந்தால் தலை சுற்றுகிறது. ஆனால் சுகமாகவும் இருக்கிறது. மதியம் தூக்கத்தில் குதிரை வந்தது. எங்கள் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே நின்றுகொண்டு என் நெஞ்சை மோந்து பார்த்தது. மூக்கு ஈரமாக இருந்தது. ஒன்றும் செய்யவில்லை. பிறகு துளசி படுத்திருந்த பக்கம் போய் வெகுநேரம் நின்றது.

விழித்துப் பார்த்தால் துளசி உண்மையாகவே பக்கத்தில் படுத்திருக்கிறாள். பகலில் அவள் படுத்து நான் பார்த்ததில்லை. வாயு என்றாள். ஓமத் தண்ணீர் கொதிக்கவைத்துக் கொடுத்தேன். நான் வைத்த ஓமத் தண்ணீர் என்பதால் பாதிதான் குடித்தாள்.

டிசம்பர் 31

இன்று வர ரொம்ப நேரமாகிவிட்டது. பால் வாங்க மறந்துவிட்டாளாம். குதிரையைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன் என்றாள். அதன் பிடரியை யாரோ பின்னி விட்டிருக்கிறார்களாம்.

குதிரைக் கதை நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போகிறது. எனக்கு நல்லதுதான். இந்த வருடத்தில் வேறு எதுவும் இத்தனை வெள்ளையாக இல்லை.

நாங்கள் இரண்டே பேர். பிள்ளை இல்லை. அவள் சொல்கிறாள், நான் பார்க்கிறேன்.

ஜனவரி 7

"உனக்கு முடியலைன்னா நாளைக்கு நான் போறேன்" என்றேன் காலையில். சும்மா ஒரு பேச்சுக்கு.

"ஐயோ, பனி கொட்டுதுங்க. நீங்க ஏன் வெளியில வந்துட்டு" என்று பட்டையை அவளே எடுத்துக் கட்டிக்கொண்டாள். நான் மறுபடி சொல்லவில்லை.

ஜனவரி 9

 ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதாவிட்டால் எழுந்து சுவரில் முட்டிக்கொள்வேன்.

காலை வகுப்பில் டிரெட்மில்லில் ஏறினதும் கண் இருட்டியது. ஜெசிந்தா பிடித்து உட்காரவைத்து நாடி பார்த்தாள். ரொம்பக் குறைவு. அவளுக்கு முகம் மாறிவிட்டது. மாதக் கணக்குக்கு இன்னும் பத்து நாள் இருந்தும் பட்டையைக் கணினியில் சொருகினாள்.

பேச்சை மாற்ற நினைத்து நான் வாயைக் கொடுத்தேன். "நேத்துக்கூட அக்கரை வரைக்கும் நல்லாத்தான் போனேன் கண்ணு. அந்தக் குதிரைக்கு நெத்தியில குஞ்சம் கட்டியிருக்காங்க. பொங்கலுக்கு ஏதோ கல்யாணமாட்ட இருக்குது."

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், நேத்து நீங்க அக்கரைக்குப் போகலையே."

"போனேன் கண்ணு."

"இல்லைங்க சார். இங்க பாருங்க."

திரையில் ஒரு கோடு. முப்பது வருடம் மலைகளின் ஓரத்தை வரைந்தவனுக்கு ஒரு கோட்டைப் படிக்கத் தெரியும். வீட்டிலிருந்து கிளம்பிய கோடு செங்குத்தாக ஏறுகிறது. உச்சியில் நடை நின்றுவிடுகிறது. நடை நின்ற பிறகும் துடிப்பு இறங்கவில்லை, வெகுநேரம் அங்கேயே படபடத்துக்கொண்டிருக்கிறது. பிறகு தட்டுத் தடுமாறி வந்த வழியே திரும்புகிறது. அதற்கு முந்தின நாளும் அப்படியே, அதற்கு முந்தின நாளும்.

"பாதியில எங்கயோ உக்காந்துடறீங்க. குளத்த முழுசா சுத்துனது டிசம்பர் எட்டாம் தேதியோட சரி. அப்புறம் ஒருநாள்கூட இல்ல. நீங்க சாப்பிடற மாத்திரைக்குத் துடிப்பு இவ்வளவு ஏறவே ஏறாது சார். இங்க வந்தா இவ்வளவு கம்மியா இருக்கு. எனக்கு ஒண்ணுமே புரியல."

டிசம்பர் ஒன்பதாம் தேதிதான் குதிரை வந்தது.

அவள் அக்கரைக்குப் போக முடியாமல் போன அன்றைக்குத்தான் குதிரை வந்தது. புங்கமரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, எனக்காக அதன் பிடரியைப் பின்னியிருக்கிறாள், குஞ்சம் கட்டியிருக்கிறாள். தாடை வலியும் வாயுவும் உயரமான படியும் ஒவ்வொன்றாக வந்து என் முன்னால் உட்கார்ந்தன. எல்லாவற்றையும் நானேதான் இங்கே எழுதி வைத்திருந்தேன்.

"கண்ணு, இது என்ற நாடி இல்ல" என்றேன்.

அவளுக்கு விளங்கவில்லை.

"நான் ஒருநாள்கூட நடக்கல. எனக்கு பயமா இருந்துச்சு. என்ற சம்சாரத்துக்குக் கட்டி அனுப்பிட்டேன். இது துளசியோட நெஞ்சு."

ஜெசிந்தா திட்டுவாள் என்று நினைத்தேன். இரண்டு மாத உழைப்பைக் குட்டிச்சுவராக்கியிருக்கிறேன், திட்டியிருக்கலாம். அவள் எழுந்து நின்றுவிட்டாள். "அம்மா இப்ப எங்க இருக்காங்க?" என்று மட்டும் கேட்டாள்.

துளசி ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமரத்தடியில் பைக்குள் எனக்கு இட்லியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சக்கர நாற்காலியைப் பார்த்ததும், "அவருக்கு என்னாச்சு கண்ணு?" என்று எழுந்தாள். ஜெசிந்தா நாற்காலியை அவள் பக்கம் திருப்பினாள்.

ஜனவரி 10

துளசிக்கு முக்கியமான ரத்தக் குழாயில் அடைப்பு. கொஞ்ச நாள் விட்டிருந்தால் தெரியும் சேதி என்றார் பெரிய டாக்டர். கையெழுத்துப் போட்டேன். உள்ளே கொண்டுபோயிருக்கிறார்கள்.

அதே நாள், சாயங்காலம்

ஸ்டென்ட் வைத்தாயிற்று. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். தூங்குகிறாள்.

ஜனவரி 12

பேச விட்டார்கள்.

"எப்ப இருந்து வலி?" என்றேன்.

"கார்த்திகை தீபம் முடிஞ்சு."

"ஏன் சொல்லல?"

"வூட்ல நெஞ்சு வலிக்கு ஒரு ஆளு போதாதாக்கும். நானும் படுத்துட்டா உங்கள யாரு பார்க்கறது? அதில்லாம நீங்க அந்தக் குளத்துப் பேச்சுக் கேட்டாத்தான் ஒரு வாய் சோறு சேர்த்து உண்டீங்க."

எனக்குக் கோபம் வந்தது. அவள் மேலா என் மேலா என்று பிரிக்கத் தெரியவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நர்ஸ் வந்து, நோயாளியை அழவைக்கக் கூடாது என்று என்னை வெளியே அனுப்பினாள். துளசி அழவே இல்லை என்பதை அவள் கவனிக்கவில்லை.

என் பெயரை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். என் கோடுகள் எதையும் கணக்கில் சேர்க்க மாட்டார்களாம். பழைய அளவு மாத்திரை திரும்பி வந்தது. உலகம் தண்ணீருக்கு வெளியே வந்து பளிச்சென்று இருக்கிறது. அது அவ்வளவு சுகமாக இல்லை.

ஜனவரி 15

பொங்கல். வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. விடிகாலையில் பழைய செருப்பையே மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

கேட்டில் கால் நின்றது. அந்த நீல வானம் பனிக்கு மேலே எங்கேயோ காத்திருக்கிறது என்று தெரியும். நெஞ்சு அடித்துக்கொண்டது. அடிக்கட்டும், அவளுக்கும் இப்படித்தானே அடித்திருக்கும் என்று ஒரு அடி வைத்தேன். ஆகாயத்தாமரை இருந்தது. கூழைக்கடா இரண்டும் இருந்தன. புங்கமரத்தடிப் பெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன், ஈரமாக இருந்தது. அங்கே உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழ மாட்டேன்.

வளைவு தாண்டி அக்கரை. மோட்டார் ரூம், கதவில்லை. குப்புறக் கவிழ்த்த ஒரு பரிசல். பிளாஸ்டிக் குப்பை. முளைக்குச்சியோ, சாணமோ, ஒரு குளம்படியோ இல்லை. தெரிந்துதான் போனேன். இருந்தும் அங்கேயே கொஞ்ச நேரம் நின்று பனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஏதாவது வாலை ஆட்டுமா என்று.

ஆஸ்பத்திரியில் அவளிடம் சொன்னேன். "அக்கரை வரைக்கும் போனேன். குதிரையக் காணோம்."

என் செருப்பைப் பார்த்தாள். அதில் சேறு ஒட்டியிருந்தது. 

"நான் வந்தாத்தான் வரும்" என்றாள்.

பிப்ரவரி 3

துளசி வீட்டுக்கு வந்தாயிற்று. ரசம் வைத்தேன். இரண்டாம் முறை ஊற்றிக்கொண்டாள்.

பிப்ரவரி 19

ஆராய்ச்சியில் சேர்கிறீர்களா என்று துளசியைக் கேட்டார்கள். இந்த முறை எல்லாக் கேள்வியும் அவளுக்கு. சர்க்கரை எத்தனை வருடம், அம்மா எப்படிச் செத்தார்கள், தூக்கம் வருகிறதா, மனக்கவலை உண்டா. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பாதிப் பதில் எனக்கே புதுசு. 

சீட்டில் அவளுக்கும் உடற்பயிற்சிதான் விழுந்தது. பட்டையைக் கொடுக்கும்போது ஜெசிந்தா என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் சுவரில் இருந்த ஆக்ஸிஜனைப் பார்த்தேன்.

பிப்ரவரி 21

பனிக்காலம் முடிந்துவிட்டது. விடிந்ததும் குளம் முழுக்க வெயில், அக்கரை மோட்டார் ரூம் வரைக்கும் ஜன்னலிலேயே தெரிகிறது.

துளசி பட்டையை என் முன்னால் நீட்டினாள். "பனி கொட்டுதுங்க. இன்னிக்கு ஒரு நாளைக்கு நீங்க கட்டிட்டுப் போங்களே."

அவள் கையை இழுத்து நானே கட்டினேன். கொக்கி இந்த முறை சிக்கவில்லை. "மூணாம் தடவை" என்றாள்.

அடிமேல் அடி வைத்துப் போனோம். பெஞ்ச் வந்தது. உட்கார்ந்தாள், நானும் உட்கார்ந்தேன். மூச்சு எப்படி, தாடை வலிக்கிறதா, திரும்பிவிடலாமா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"சும்மா இருங்க. எனக்கு அக்கரை பார்க்கோணும்" என்று எழுந்துவிட்டாள்.

வளைவில் திரும்பினோம். கதவில்லாத மோட்டார் ரூம், கவிழ்ந்த பரிசல், குப்பை. துளசி இடுப்பில் கை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தாள்.

"எங்க உன்ற குதிரை?" என்றேன்.

"இன்னிக்கு முகூர்த்த நாளாக்கும். கல்யாணத்துக்குப் போயிருக்கும்."

பட்டை கட்டிய கையைப் பிடித்தேன். பட்டைக்குக் கீழே, மணிக்கட்டில், அது ஒழுங்காக அடித்துக்கொண்டிருந்தது.

"உங்களுக்கு நாடி பார்க்கத் தெரியுமா?" என்றாள்.

"தெரியாது."

"அப்புறம் எதுக்குப் புடிச்சிருக்கீங்க? ரோட்ல நாலு பேரு பார்க்கறாங்க."

"சும்மாதான்" என்றேன். வீடு வரைக்கும் விடவில்லை.